பூச்சிகளுக்குத் தலைக்கட்டு எண்ணுவது: அழியும் இனங்களைக் காக்க மரபணுக் குறிப்பான்கள் எப்படி உதவுகின்றன?

பிரிட்டனில் குட்டை மயிர்ப் பம்பிள் தேனீ என்றொரு இனம் இருந்தது. அறிவியல் பெயர் பாம்பஸ் சப்டெரேனியஸ். 1988இல் கென்ட் பகுதியின் டன்ஜெனஸ் கடற்கரையில் கடைசியாகப் பதிவானது. 2000இல் அது நாட்டைவிட்டே அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அதே தேனீயின் வம்சம் நியூசிலாந்தில் உயிரோடு இருந்தது. அங்கே குடியேறியவர்கள் கால்நடைத் தீவனத்துக்காகச் சிவப்பு குளோவர் பயிரிட்டார்கள். அந்தப் பூவின் ஆழத்துக்கு நாக்கு எட்டும் தேனீ அந்நாட்டில் இல்லாததால் விதை சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ராணித் தேனீக்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். அப்படிப் போய் நிலைத்த நான்கு இனங்களில் இதுவும் ஒன்று.

ஆக, தாய்நாட்டில் அழிந்ததை நியூசிலாந்திலிருந்து மீட்டு வரலாம் என்று 2009இல் திட்டம் தொடங்கியது. ஆனால் 2012இல் டன்ஜெனஸில் உண்மையில் பறக்கவிட்டது தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் பிடித்த ராணிகளை. சொந்த வம்சம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க, வேறு நாட்டுத் தேனீயை ஏன் தேடிப் போனார்கள்? சிறைவளர்ப்பில் வந்த சிக்கல் ஒரு காரணம். இன்னொன்று மரபணுக் குறிப்பான்கள் காட்டிய கணக்கு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

குறிப்பான் என்பது என்ன?

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பூச்சிகளின் டி.என்.ஏ.வை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். அங்கங்கே சில இடங்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அப்படி மாறக்கூடிய, எளிதாகப் படித்துவிடக்கூடிய ஓர் இடத்தைத்தான் மரபணுக் குறிப்பான் என்கிறோம். அந்த இடத்தில் காணப்படும் ஒவ்வொரு வடிவத்துக்கும் மாற்றுரு என்று பெயர். அந்த இடம் பூச்சியின் உடலில் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லப்போனால், வேலை எதுவும் செய்யாத இடமாக இருப்பதே பெரும்பாலும் வசதி. பிழைப்புக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா என்ற தலையீடு இல்லாமல் யாருக்கு யார் உறவு என்பதை மட்டும் அது பதிவு செய்து வைத்திருக்கும்.

பூச்சி ஆய்வில் அதிகம் புழங்குவது மூன்று வகை:

1. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பில் இருக்கும் சிறிய வளையம். தாயிடமிருந்து மட்டுமே வரும். ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான பிரதிகள் இருப்பதால் நூறு வருடப் பழைய அருங்காட்சியக மாதிரியில்கூட மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. இதில் சி.ஓ.1 என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்துகள் நீளமுள்ள துண்டைத்தான் விலங்குகளின் 'பார்கோடு' என்று சொல்கிறார்கள். இனத்தை அடையாளம் காண இது முதல் கருவி.

2. மைக்ரோசாட்டிலைட். சைட்டோசின், அடினின், சைட்டோசின், அடினின் என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடம். சிலருக்குப் பத்து தடவை வரும், சிலருக்குப் பதினான்கு தடவை. இந்த எண்ணிக்கை வேகமாக மாறும் என்பதால் ஒரே இடத்துக்கு நிறைய மாற்றுருக்கள் கிடைக்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் உடன்பிறப்பு யார் என்றே சொல்லிவிடலாம்.

3. எஸ்.என்.பி. ஒற்றை எழுத்து மட்டும் மாறும் இடம். தனியாக ஒன்று சொல்வது குறைவுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் ஒரே ஓட்டத்தில் படிக்க முடியும். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மைக்ரோசாட்டிலைட்டின் வேலையை இது மெல்ல எடுத்துக்கொண்டு வருகிறது.

இன்னும் பழைய முறை ஒன்று உண்டு: நொதிகளின் வடிவ வேறுபாட்டை வைத்து மரபு வேறுபாட்டை ஊகிப்பது. இன்று யாரும் அதிகம் தொடுவதில்லை. ஆனாலும் கீழே வரும் ஒரு முக்கியமான ஆய்வு பெரும்பாலும் அதை நம்பியே நடந்தது.

கண்ணில் படுவது ஒரு எண், கணக்கில் வருவது வேறு எண்

பூச்சிப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான்: "ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுமே, இவை எப்படி அழியும்?" புலியையும் யானையையும் எண்ணிப் பழகிய மனது கேட்கும் கேள்வி. யானையில் கண்ணால் எண்ணியதும் இனப்பெருக்கம் செய்வதும் ஓரளவு ஒத்துப்போகும். பூச்சியில் போகாது.

கோயில் வரி போடும்போது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். வீட்டுக்குள் பத்து பேர் இருக்கிறார்களா இரண்டு பேரா என்று பார்ப்பதில்லை. பம்பிள் தேனீக்கும் அதே கணக்குதான். ஒரு கூட்டில் ஒரு ராணி. பூவில் நாம் பார்க்கும் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் அவளுடைய மகள்கள், அவை இணை சேர்வதில்லை. ஒரு புல்வெளியில் முந்நூறு தேனீக்கள் பறக்கின்றன, அவை ஐந்து கூடுகளிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறைக்குப் போகும் மரபணுவைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஐந்து குடும்பங்கள்தான்.

இதை மக்கள்தொகை மரபியலில் செயலுறு எண்ணிக்கை என்கிறார்கள். அதாவது, இந்தக் கூட்டத்தில் மரபு வேறுபாடு குறையும் வேகத்தை, எல்லாரும் சமமாக இனப்பெருக்கம் செய்யும் ஒரு கற்பனைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண். நிஜ எண்ணிக்கையைவிட இது பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். பூச்சிகளில் பல மடங்கு குறைவாக.

பம்பிள் தேனீக் கூட்டைத் தேடிப் போவது வீண் வேலை. மண்ணுக்கு அடியிலோ எலி விட்டுப்போன பொந்திலோ இருக்கும். குறிப்பான் இல்லாமல் கூடுகளை எண்ண வழியில்லை என்றே சொல்லலாம். எண்ணும் முறை இப்படிப் போகிறது:

1. புல்வெளியில் வேலைக்காரத் தேனீக்களைப் பிடித்து, நடுக்காலின் நுனியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பறக்கவிடுவார்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மைக்ரோசாட்டிலைட் இடங்களைப் படிப்பார்கள்.
3. பெரும்பாலான பம்பிள் தேனீ இனங்களில் ராணி ஒரே ஒரு ஆணோடுதான் சேர்வாள். ஆண் தேனீயிடம் மரபணு ஒற்றைத் தொகுதியாகவே (தாயிடமிருந்து வந்த ஒரே பிரதி) இருப்பதால், தந்தையிடமிருந்து எல்லா மகள்களுக்கும் அச்சு அசலாக ஒரே பங்கு போகிறது. அதனால் ஒரே கூட்டுச் சகோதரிகள் சராசரியாக நான்கில் மூன்று பங்கு ஒத்திருப்பார்கள். சாதாரண உடன்பிறப்புகளில் இது பாதிதான். ஆகவே சகோதரிகளைப் பிரித்தெடுப்பது எளிது.
4. எத்தனை சகோதரிக் குழுக்கள் வந்தனவோ அத்தனை கூடுகள். ஒரே ஒரு தேனீ மட்டும் சிக்கிய குழுக்கள் நிறைய இருந்தால், வலையில் சிக்காத கூடுகளும் நிறைய இருக்கின்றன என்று பொருள். அதையும் புள்ளியியல் முறையில் சேர்த்துக்கொள்வார்கள்.

பாம்பஸ் சில்வாரம் என்ற இனத்தில் இந்த வேலை 2006இல் வெளிவந்தது. பிரிட்டனில் துண்டு துண்டாகிப்போன புல்வெளிகளில் மிஞ்சியிருக்கும் தேனீ அது. சகோதரிக் குழுக்களை வைத்துக் கணக்கிட்டதில் ஒவ்வொரு பகுதியின் செயலுறு எண்ணிக்கை 21க்கும் 72க்கும் இடையில் வந்தது. கோடைக்காலத்தில் அந்தப் புல்வெளிக்குப் போகிறவர் பார்ப்பது இதைவிடப் பெரிய கூட்டம். அவருக்கு எந்தக் கவலையும் வராது.

மரபு வேறுபாடு குறைந்தால் என்ன கெட்டுவிடும்?

சிறிய கூட்டத்தில் எந்த மாற்றுரு அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஒரு தாய்க்குக் குஞ்சு பிழைக்கவில்லை என்றால் அவளிடம் மட்டும் இருந்த மாற்றுரு அவளோடு போய்விடும். இந்தத் தற்செயல் இழப்பை மரபு நகர்வு என்கிறார்கள். கணக்கு எளிது: செயலுறு எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி ஒன்றை அதனால் வகுத்தால், ஒரு தலைமுறைக்கு எவ்வளவு வேறுபாடு போகும் என்பது கிடைக்கும். 50 என்றால் தலைமுறைக்கு 1 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பல பூச்சிகளுக்கு வருடத்துக்கு ஒரு தலைமுறை. ஐம்பது வருடத்தில் ஏறக்குறைய 40 சதவீத வேறுபாடு காலி. 500 என்றால் அதே காலத்தில் 5 சதவீதம்தான் போகும்.

இப்படிப் போவதால் நிஜமாகவே கூட்டங்கள் அழிகின்றனவா, அல்லது இது வெறும் காகிதக் கணக்கா என்று 1990கள் வரை கடுமையான வாதம் நடந்தது. "மரபு கெட்டு அழிவதற்குள் புயலோ புல்டோசரோ முந்திக்கொள்ளும்" என்பது எதிர்த்தரப்பு. இதற்கு முதல் உறுதியான பதில் ஒரு வண்ணத்துப்பூச்சியிடமிருந்து வந்தது.

பின்லாந்தின் ஓலந்து தீவுகளில் சுமார் 4000 சிறு புல்வெளிகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் கிளான்வில் என்ற வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. அதன் புழுக்கள் குடும்பமாக ஒரே பட்டுக் கூட்டில் குளிர்காலத்தைக் கழிப்பதால் இலையுதிர் காலத்தில் போய் எண்ணிவிடலாம். இல்கா ஹான்ஸ்கி என்ற சூழலியலாளர் இந்த வலைப்பின்னலை வருடா வருடம் கணக்கெடுக்க வைத்தார். எந்தப் புல்வெளியில் கூட்டம் அழிந்தது, எதில் புதிதாகக் குடியேறியது என்பது வருடவாரியாகக் கையில் இருந்தது. 1998இல் ஹான்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 42 கூட்டங்களின் மரபு வேறுபாட்டை நொதிக் குறிப்பான்களாலும் ஒரு மைக்ரோசாட்டிலைட்டாலும் அளந்து, அவற்றில் எவை அடுத்த வருடத்துக்குள் அழிந்தன என்பதோடு ஒப்பிட்டார்கள். கூட்டத்தின் அளவு, புல்வெளியின் பரப்பு, அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் ஆகியவற்றின் விளைவைக் கழித்த பிறகும், வேறுபாடு குறைவாக இருந்த கூட்டங்களே அதிகம் அழிந்திருந்தன. உறவுக்குள்ளேயே இணை சேர்ந்ததால் முட்டை பொரிப்பது குறைந்தது, புழுக்கள் பிழைப்பது குறைந்தது, தாய்ப்பூச்சியின் ஆயுளும் குறைந்தது.

பூச்சிப் பாதுகாப்புக்கு மரபணு ஆய்வு தேவையா என்று யாராவது கேட்டால் முதலில் எடுத்துவைக்க வேண்டிய ஆய்வு இது என்பது என் கருத்து. வெறும் எட்டுக் குறிப்பான்களை வைத்துச் செய்தது என்பதால் அதன் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கருவியைவிட வருடக்கணக்கில் எடுத்த களக் கணக்குதான் அங்கே கனமான பங்கு.

தேனீ, எறும்பு, குளவிக்கு மட்டும் ஒரு கூடுதல் கண்ணி

இந்தக் குடும்பத்தில் ஆணா பெண்ணா என்பது விசித்திரமான முறையில் முடிவாகிறது. கருவுறாத முட்டை ஆணாகும். அதற்குத் தாயின் ஒற்றைத் தொகுதி மட்டும். கருவுற்ற முட்டையில் இரட்டைத் தொகுதி, அது பெண்ணாகும். இந்த அளவு பள்ளிப் பாடத்திலேயே வரும். ஆனால் பல இனங்களில் இதன் உள்ளே ஒரு நிபந்தனை இருக்கிறது. பாலினத்தை முடிவு செய்யும் குறிப்பிட்ட மரபணு ஒன்று உண்டு. அதன் இரண்டு பிரதிகளும் வெவ்வேறு மாற்றுருவாக இருந்தால்தான் பெண். இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால், முட்டை கருவுற்றிருந்தும் ஆணாகிவிடும். இதை இரட்டைத்தொகுதி ஆண் என்கிறார்கள். வேலை செய்யாது, பெரும்பாலும் சந்ததியும் தராது. கூட்டுக்கு அது முழு நஷ்டம்.

அந்த மரபணுவுக்குக் கூட்டத்தில் எத்தனை மாற்றுரு இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ராணியிடம் இரண்டு வெவ்வேறு மாற்றுரு; அவள் சேரும் ஆணிடம் ஒன்று. அது ராணியின் இரண்டில் ஒன்றோடு பொருந்திப்போகும் வாய்ப்பு, மொத்த மாற்றுருக்களால் இரண்டை வகுத்தால் வரும். எல்லா மாற்றுருவும் சம அளவில் இருப்பதாகக் கொண்டால்:

- 50 மாற்றுரு இருந்தால் நூற்றில் 4 கூடுகள் மாட்டும்.
- 20 இருந்தால் நூற்றில் 10.
- 6 மட்டும் மிஞ்சினால் மூன்றில் ஒரு கூடு மாட்டும்.

மாட்டிய கூட்டில் கருவுற்ற முட்டைகளில் பாதி உதவாத ஆணாகப் போகும். பாதி வேலையாட்களோடு கூடு வளராது, புது ராணிகள் குறையும், கூட்டம் சுருங்கும், சுருங்கினால் இன்னும் மாற்றுருக்கள் போகும். சுழலில் சிக்கியது மாதிரி வேகம் கூடிக்கொண்டே போகும் என்று அம்ரோ சாயித், லாரன்ஸ் பாக்கர் இருவரும் 2005இல் கணித மாதிரி மூலம் காட்டினார்கள்.

மைக்ரோசாட்டிலைட் இதைக் கண்டுபிடிக்கும் விதம் மிக எளிது. சாதாரண ஆணுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாற்றுருதான் தெரிய வேண்டும். ஓர் ஆண் தேனீயில் இரண்டு தெரிந்தால் அது இரட்டைத்தொகுதி ஆண், முடிந்தது. கூட்டம் ஆபத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான எச்சரிக்கை பூச்சி உலகில் குறைவு.

நம்மூரில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் இதை வேறு வடிவத்தில் பார்த்திருப்பார்கள். தேனீ இனங்களில் வேலைக்காரர்கள் இந்த உதவாத ஆண் புழுக்களை ஆரம்பத்திலேயே தின்றுவிடும். அதனால் புழு அடையில் அறைகள் விட்டுவிட்டுக் காலியாகத் தெரியும். நோயாலும் அப்படித் தெரியலாம் என்பதால் பார்த்த உடனே முடிவு கட்ட முடியாது. பம்பிள் தேனீயில் தின்பதில்லை. அவை வளர்ந்து பறக்கவே செய்யும்.

நியூசிலாந்துக் கணக்கு

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஆய்வாளர்கள் நியூசிலாந்தில் இன்று பறக்கும் குட்டை மயிர்ப் பம்பிள் தேனீக்களையும், பிரிட்டன் அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருந்த பழைய மாதிரிகளையும் ஒரே மைக்ரோசாட்டிலைட் இடங்களில் படித்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. நியூசிலாந்துக் கூட்டத்தில் மரபு வேறுபாடு மிகக் குறைவு. பழைய பிரிட்டன் கூட்டத்திலிருந்து அது வெகுவாக விலகியும் போயிருந்தது. எத்தனை மூதாதையரிலிருந்து தொடங்கினால் இப்படி ஆகும் என்று கணினியில் பல விதமாக ஓட்டிப் பார்த்ததில், வெறும் இரண்டே இரண்டு தேனீக்களிலிருந்துகூட இந்த இனம் அங்கே தொடங்கியிருக்கலாம் என்று வந்தது. கப்பலில் வந்து இறங்கியவை அதைவிட அதிகம். ஆனால் இறங்கியது வேறு, வம்சம் விட்டது வேறு.

இந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பிடி ராணிகளை எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால், ஏற்கெனவே ஒடுங்கிப்போன மரபு இரண்டாம் முறையும் ஒடுங்கும். மேலே பார்த்த பாலினக் கண்ணி வேறு இருக்கிறது. சிறைவளர்ப்பும் கைகூடவில்லை. பருவம் வேறு தலைகீழ்: அங்கே கோடை என்றால் இங்கே குளிர். ஸ்வீடனில் இதே இனத்தின் பெரிய, கண்டத்தோடு தொடர்பறாத கூட்டம் இருந்தது. அங்கே மாறியதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் என்ன ஆனது? சில வருடங்கள் தொடர்ந்து ராணிகளை விட்டார்கள். வேலைக்காரத் தேனீக்களும் கண்ணில் பட்டன, அதாவது கூடு கட்டியிருக்கின்றன. ஆனால் தானாக நிலைத்து நிற்கும் கூட்டம் உருவாகவில்லை. சரியான மூலக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு படிதான். ஆனால் இந்தத் திட்டத்துக்காக விவசாயிகளோடு சேர்ந்து மீட்டெடுத்த பூ நிறைந்த புல்வெளிகளால் வேறு அரிய பம்பிள் தேனீக்கள் பயனடைந்தன.

இது அதே பூச்சிதானா?

எத்தனை என்பதற்கு முன்னால் சில சமயம் எது என்ற கேள்வி வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளரும், இறக்கை இல்லாத கருநிறக் குச்சிப்பூச்சி ஒன்று இருந்தது. 1918இல் தரைதட்டிய மக்காம்போ என்ற கப்பலிலிருந்து எலிகள் தீவில் ஏறின. இரண்டு மூன்று வருடத்தில் பூச்சி காலி. 2001இல் சுமார் 23 கிலோமீட்டர் தள்ளிக் கடலிலிருந்து செங்குத்தாக எழும் பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரு புதரின் அடியில் உயிரோடு சில பூச்சிகள் கிடைத்தன. 2003இல் இரண்டு இணைகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அதில் ஓர் இணை மெல்பர்ன் உயிரியல் பூங்காவுக்குப் போனது.

சிக்கல் என்னவென்றால், பாறைப் பூச்சிகளின் உருவம் அருங்காட்சியகத்திலிருந்த தீவுப் பூச்சிகளோடு சரியாக ஒத்துப்போகவில்லை. வேறு இனமாக இருந்தால் அதைத் தீவில் விடுவது மீட்பு ஆகாது. புதிய அயல் பூச்சியைக் கொண்டுபோய் இறக்கியது ஆகிவிடும். 2017இல் அலெக்சாண்டர் மிக்கேயேவ் குழு பழைய மாதிரிகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுதாகப் படித்து ஒப்பிட்டது. வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரே இனம். 2019இல் தீவில் எலி ஒழிப்பு நடந்ததற்குப் பின்னால் வேறு பல காரணங்களும் உண்டு என்றாலும், திருப்பிக் கொண்டுபோக ஒரு பூச்சி இருக்கிறது என்ற உறுதி இந்த ஒப்பீட்டால்தான் வந்தது.

சான்பிரான்சிஸ்கோவின் செர்சஸ் நீலன் வண்ணத்துப்பூச்சிக்குத் திரும்ப வழி இல்லை, 1940களில் அழிந்துவிட்டது. 2021இல், 93 வருடப் பழைய மாதிரி ஒன்றின் டி.என்.ஏ.வைப் படித்து, அது தனி இனம்தான் என்று காட்டினார்கள். 2024இல் அதே கடற்கரை மணல்மேடுகளில் அதன் நெருங்கிய உறவான வெள்ளி நீலன் வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாற்று ஆளை அனுப்புவது மாதிரியான இந்த முயற்சி பாதுகாப்பா, ஏக்கத்துக்கு மருந்தா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒற்றைக் குறிப்பானை நம்பினால் ஏமாறலாம்

அமெரிக்காவின் கார்னர் நீலன் வண்ணத்துப்பூச்சி 1992 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்தவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மிச்சிகன் ஏரிக்கு மேற்கே இருக்கும் கார்னர் கூட்டங்களிடம் இருந்தது மெலிசா என்ற பரவலான உறவினத்தின் மைட்டோகாண்ட்ரியா. அதை மட்டும் வைத்து முடிவு கட்டியிருந்தால், மேற்குக் கூட்டங்கள் கார்னரே இல்லை, பாதுகாப்பும் தேவையில்லை என்று எழுதியிருக்கலாம். செல்லின் உட்கருவில் இருக்கும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குறிப்பான்களைப் படித்தபோது கதை மாறியது: ஏரியின் இரு பக்கத்துக் கார்னர்களும் ஒன்றாகவே சேர்ந்தன. இதை 2006இல் வெளியிட்டவர்கள் எச்சரிக்கைக் கதை என்றே தலைப்பில் குறிப்பிட்டார்கள்.

எப்படி இப்படி ஆகும்? எப்போதோ இரு இனங்கள் கலந்தபோது தாய்வழிச் சொத்து மட்டும் இந்தப் பக்கம் தங்கிவிடலாம். பூச்சிகளில் இதற்குத் தூண்டுகோலாக வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் இருக்கிறது. அது செல்லுக்குள் வாழும். முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். தன்னைச் சுமக்கும் தாய்களின் வம்சம் பெருகும்படி இனப்பெருக்கத்தையே திருகிவிடும். அது பரவும்போது அதே முட்டையில் பயணிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவும். மேற்குப் பகுதிக் கார்னர்களில் வோல்பாக்கியா இருப்பதும் பின்னர் பதிவானது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் கருநிறத் தேனீயை 2022இல் கேரள ஆய்வாளர்கள் ஏபிஸ் கரிஞ்சோடியன் என்று தனி இனமாக விவரித்தபோதும், உருவ அளவுகளோடு மைட்டோகாண்ட்ரியா ஆதாரமே முன்வைக்கப்பட்டது. உட்கரு முழுவதையும் படித்து, பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் ஒப்பீடுதான் இத்தகைய கேள்வியை உறுதியாக முடிக்கும். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. தேனீப் பெட்டிகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் நாட்டில், உள்ளூர் மரபு தனியானதா இல்லையா என்பது எந்தப் பெட்டியை எங்கே வைக்கலாம் என்பதையும் தொடும்.

மரபணு பதில் சொல்லாத கேள்வி

பிரிட்டனில் பெரிய நீலன் வண்ணத்துப்பூச்சி 1979இல் அழிந்தது. அதன் புழு முதலில் தைம் செடியின் பூவைத் தின்னும். பிறகு எறும்புகள் அதைத் தங்கள் புழு என்று எண்ணிக் கூட்டுக்குள் தூக்கிப் போகும். அங்கே எறும்புப் புழுக்களைத் தின்று வளரும். ஜெரமி தாமஸ் வருடக்கணக்கில் களத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தது இதுதான்: எல்லா எறும்புக் கூட்டிலும் அது நன்றாகப் பிழைப்பதில்லை, மிர்மிக்கா சபுலெட்டி என்ற இனம்தான் வேண்டும். அந்த எறும்புக்கோ சூடான மண் வேண்டும். மேய்ச்சல் நின்று, 1950களின் நோயில் முயல்களும் ஒழிந்து, புல் சில சென்டிமீட்டர் உயர்ந்ததும் மண் குளிர்ந்தது, எறும்பு இடத்தைக் காலி செய்தது, வண்ணத்துப்பூச்சியும் போனது.

மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனின் ஓலண்ட் தீவிலிருந்து (மேலே வந்த பின்லாந்தின் ஓலந்து வேறு) கொண்டுவந்ததை விட்டபோது அது பிழைத்தது. இங்கே எத்தனை குறிப்பான்களைப் படித்திருந்தாலும் புல்லின் உயரத்தைப் பற்றி அவை ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. எனவே வரிசை முக்கியம். அழிவுக்கான சூழல் காரணம் முதலில். எந்தக் கூட்டத்திலிருந்து எடுப்பது, எத்தனை எடுப்பது, எவற்றைக் கலப்பது என்பவை அடுத்து. இரண்டாவதில்தான் குறிப்பான் கைகொடுக்கும்.

கலப்பதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. வேலை செய்யாத இடங்களைப் படிக்கும் குறிப்பான், உள்ளூர் வெயிலுக்கும் செடிக்கும் ஏற்றபடி பூச்சி மாறியிருக்கிறதா என்பதைக் காட்டாது. இரண்டு கூட்டங்கள் குறிப்பானில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்று மே மாதத்திலும் மற்றது ஜூலையிலும் வெளிவருபவையாக இருக்கலாம். முழு மரபணுத் தொகுதியையும் படிப்பது மலிவாகிவருவதால் இந்தக் குறை மெல்லத் தீரும், ஆனால் களத்தில் பார்த்து எழுதிய குறிப்பு இல்லாமல் தீராது.

மாதிரி எடுக்கும் நடைமுறை

அழியும் பூச்சியைக் கொன்று ஆய்வு செய்வதா என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலும் கொல்ல வேண்டியதில்லை. பம்பிள் தேனீயில் ஒரு கால் நுனி போதும். அதை இழந்த வேலைக்காரத் தேனீக்களின் ஆயுளில் மாற்றம் தெரியவில்லை என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கையின் ஓரத்தில் ஒரு துணுக்கு. தட்டானுக்கு, நீரிலிருந்து ஏறி உரித்துப்போட்ட தோலே போதும். எடுத்ததை உடனே செறிவான எத்தனாலில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். பார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெடும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பல வண்ணத்துப்பூச்சிகளும் சில வண்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும், காப்புக்காட்டுக்குள் எந்தப் பூச்சிக்கும், கால் நுனி எடுக்கக்கூட வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை. ஏற்கெனவே கையில் இருப்பவை பழைய சேகரிப்புகள்: கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்திலும், காலனிக் காலத்தில் நீலகிரியிலிருந்து போய் லண்டனில் தங்கிவிட்ட பெட்டிகளிலும். இன்றைய கூட்டத்தின் மரபு வேறுபாடு குறைவா, எப்போதுமே அப்படித்தானா என்று சொல்ல ஒப்பிடுவதற்கு ஒரு பழைய அளவு வேண்டும். மாதிரியின் ஊசியில் இடமும் தேதியும் எழுதிய சீட்டு இல்லாவிட்டால், டி.என்.ஏ. நன்றாகவே இருந்தாலும் அதை எந்தக் கூட்டத்தின் பழைய அளவாகவும் வைத்துக்கொள்ள முடியாது.